ஆள் பிடிக்கும் வியாபாரம்

ஆள் சேர்த்தால் வருமானம் என்று பாலக்கோடு கடைவீதிக்கு வருவோரிடம் நாம் ஒரு கணக்குக் கேட்போம். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டுமாம். அப்படியே போனால் ஆறாவது படிக்கு மட்டும் 46,656 பேர் வேண்டும். நம் பேரூராட்சியில் அத்தனை பேர் ஏது?

தங்கக் காசு காட்டி ஆள் சேர்த்த குவெஸ்ட்நெட் மீது 2008-ல் சென்னைப் போலீசார் வழக்குப் போட்டனர். பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நடத்துவது மட்டுமல்ல, உறுப்பினராகச் சேர்வதும் குற்றம். 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு முறையைத் தடுக்கின்றன.

மளிகைக் கடைக்காரரை அவர்கள் தேடி வருவது நம் முதலுக்காக அல்ல. பற்று நோட்டிலுள்ள பெயர்களுக்காக. நம்மை நம்பிச் சேர்ந்து பணம் இழந்த வாடிக்கையாளர், மறுமாதம் துவரம்பருப்பு வாங்க எதிர்க்கடைக்குத்தான் போவார். பழைய பாக்கியும் வராது.