ஜிம்மை விடாதீர்கள், மாத்திரையை விடுங்கள்

"மெடிக்கல்ல ஒரு செட் வாங்கிப் போட்டேன் சார், நாலு நாள் நல்லா இருந்துச்சு."

முட்டி வலியோடு வரும் ஜிம் பையன்களின் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அந்த நாலு நாளில் என்ன நடந்திருக்கும் என்பது எலும்பு மருத்துவருக்குத் தெரியும். வலி அடங்கியிருக்கும், பையன் பழைய எடையிலேயே ஸ்குவாட் போட்டிருப்பான், ஐந்தாம் நாள் மாடிப்படி இறங்க முடிந்திருக்காது. பிறகு சுளுக்கு எடுப்பவர். பிறகு இன்னொரு செட். சில வாரங்களில் தணிந்திருக்க வேண்டிய வலி, மாதக்கணக்கில் பழசாகி வந்து சேரும்.

தருமபுரியை அடுத்த நல்லம்பள்ளியில் பஸ் ஏறினால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். தாமதத்துக்குத் தூரம் காரணமில்லை. 'டாக்டர்கிட்ட போனா ஜிம்மை நிறுத்தச் சொல்லிடுவார்' என்ற பயம்தான் காரணம். லேசான முட்டி வலிக்கு இன்றைய மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. எடையைக் குறை, பயிற்சியை விடாதே என்றுதான் சொல்கிறது.

வேலூர்க்காரர் செய்தது

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதல் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம். அப்போது அவர் தூக்கிய மொத்த எடை 328 கிலோ. பின்னர் தேசியப் போட்டியில் 194 கிலோ தூக்க முயன்றபோது தொடையின் முன்தசையில் காயம். முட்டிச் சில்லைப் பிடித்து இழுப்பது அந்தத் தசைதான். முழு உடல் தகுதி இல்லாமலேயே 2018 காமன்வெல்த் போட்டிக்காகக் கோல்டு கோஸ்ட் போனார். இரண்டு வகைத் தூக்கில் 144, 173, ஆக மொத்தம் 317 கிலோ. மறுபடியும் தங்கம்.

அன்று தங்கம் உறுதியானதும், மீதமிருந்த கடைசித் தூக்கை அவர் எடுக்கவே இல்லை. பழைய கணக்கைவிட 11 கிலோ குறைவுதான். பதக்கம் ஜெயித்தவரே இப்படி. பக்கத்தில் நிற்பவன் போடும் எடையைப் பார்த்துத் தன் பாரிலும் பிளேட்டைச் சேர்ப்பவருக்கு என்ன அவசரமோ!

அந்தச் செட்டுக்குள் என்ன இருக்கிறது?

உறையில்லாமல் பொட்டலமாகக் கிடைக்கும் மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணி இருக்கலாம். கூடவே ஸ்டீராய்டும் இருக்கலாம். முதலாவது இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகத்தில் பாதிப்பையும் உண்டாக்கக் கூடியது. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த ஆபத்து இன்னும் அதிகம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதால், 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு இந்தியா அதைத் தடை செய்தது. அதையே நாம் டீக்கடை பன்னைப் போல வாங்கி விழுங்குகிறோம்.

'மூலிகைதானே' என்று தேறுதல் அடையவும் வழியில்லை. மூட்டு வலிக்கு இயற்கை மருந்து என விற்ற ஆர்ட்ரி கிங் என்ற பொருளில் டைக்ளோஃபெனாக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் ரகசியமாகக் கலந்திருந்ததை 2022இல் அமெரிக்க மருந்துத் துறை கண்டுபிடித்து எச்சரித்தது.

ஊசியும் குறுக்குவழி அல்ல. மூட்டுத் தேய்மானம் உள்ள 140 பேரை இரண்டாண்டு கவனித்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முட்டியில் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு, வெறும் உப்புநீர் போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகமாகக் குறைந்திருந்தது. வலியிலோ இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை.

காதில் விழும் கதைகள்

'முழுக்க உட்கார்ந்து எழுந்தால் ஜவ்வு தளர்ந்துவிடும்.' 1961இல் அமெரிக்காவில் கார்ல் க்ளைன் என்பவர் கிளப்பிவிட்ட பயம் இது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. நம் ஊர்க் கிழவிகள் குந்தி உட்கார்ந்தே களை எடுத்தார்கள் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை.

'முட்டி கால்விரலைத் தாண்டி முன்னால் போகவே கூடாது.' 2003இல் இதை அளந்து பார்த்தார்கள். முட்டியைத் தடுத்து வைத்தபோது அதன் மேல் விழும் திருகுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் இடுப்பின் மேல் பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. முட்டியைக் காப்பாற்றப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவதா?

'வெயிட் தூக்கினால் முட்டி தேய்ந்துவிடும்.' இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஃபின்லாந்தின் முன்னாள் உச்சநிலை வீரர்களைச் சோதித்தபோது, எடை தூக்கியவர்களில் 31 சதவீதம் பேருக்கு முட்டித் தேய்மானம் இருந்தது. துப்பாக்கி சுட்டவர்களில் 3 சதவீதம்தான். ஆனால் அவர்கள் இளமை முழுக்க உச்ச எடையோடு மல்லுக்கட்டியவர்கள். சாதாரண மக்கள் 2,607 பேரை வைத்து 2023இல் வந்த அமெரிக்க ஆய்வில், எடைப்பயிற்சி செய்துவந்தவர்களுக்கு முட்டி வலியும் தேய்மானமும் குறைவாகவே காணப்பட்டன.

முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல்? தாராளமாகச் சாப்பிடலாம். வீங்கிய முட்டியை எண்ணெய் போட்டு முறுக்கி நீவுவதுதான் வேண்டாம். கெஞ்சிக் கேட்டாலும் நிற்காத பழக்கம் அது.

எவ்வளவு வலி வரை தூக்கலாம்?

வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். இரண்டு வரை கவலையில்லை. ஐந்து வரை பொறுக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால். அதைத் தாண்டினாலோ, காலையில் முட்டி விறைத்திருந்தாலோ நேற்றைய எடை அதிகம் என்று அர்த்தம். அப்படியானால் பிளேட்டைக் கழற்றுங்கள். பின்னால் ஒரு பெஞ்சைப் போட்டு, வலி தொடங்கும் ஆழத்துக்கு மேலேயே ஸ்குவாட்டை நிறுத்துங்கள். தொபுக்கென்று இறங்காமல் மூன்று விநாடி எடுத்து இறங்குங்கள். லெக் எக்ஸ்டென்ஷனில் காலை முழுக்க நீட்டும்போது சில்லுக்குப் பின்னால் வலித்தால் பாதியோடு போதும். இடுப்புத் தசைக்கான பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். உடல் எடை கூடியவர் ஒரு கிலோ குறைத்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையும்.

தண்ணீரையும் கவனியுங்கள்

தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளூரைடு அதிகம். அதற்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனாலும் தோட்டத்து போர் தண்ணீரையே குடிப்பவர்கள் இருக்கிறார்கள். உடற்பயிற்சி செய்பவர் குடிக்கும் அளவும் அதிகம். ஃபுளூரைடு ஆண்டுக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் மூட்டு வலியும் விறைப்பும் வரும். காய்ச்சினால் ஃபுளூரைடு போகாது. நீர் சுண்டி, செறிவுதான் கூடும். இரண்டு முட்டியும் வலித்து, முதுகும் கழுத்தும் விறைத்து, சிறு வயதிலிருந்தே பல்லில் காவிக் கறை இருந்தால், எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

முட்டி திருகிய சில மணி நேரத்தில் வீங்கினால், பாதியில் மாட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டால், நடக்கும்போது மடங்கி விழவைத்தால், கால் ஊன்றவே முடியாவிட்டால் அன்றே போங்கள். காய்ச்சலோடு முட்டி சிவந்து சுட்டால் மணிக்கணக்கில்கூடத் தள்ளிப்போட வேண்டாம். தேவைப்பட்டால் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ எடுப்பார்கள்.

போகும்போது தயவுசெய்து, இதுவரை போட்ட மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துப் போங்கள். பொட்டலமாக வாங்கியிருந்தால் கடையில் கேட்டுப் பெயரை எழுதி வாங்குங்கள். பல வாரம் ஸ்டீராய்டு தின்ற உடம்பில் அதைத் திடீரென நிறுத்துவதும் உயிருக்கே ஆபத்தாகலாம். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.