கெர்னலின் கடைசி வரிகள்

லினக்ஸ் கெர்னல் நிலைகுலைந்து விழும்போது அது எழுதும் கடைசிச் சில வரிகளுக்கு ஈடான தடயம் வேறில்லை. எந்த டிரைவரில், எந்த ஃபங்ஷனில் கோளாறு என்பது அவற்றில்தான் இருக்கும். ஆனால் எங்கே எழுதுவது? டிஸ்க்கில் எழுத வேண்டிய கெர்னலே செயலிழந்துகொண்டிருக்கிறது. டேட்டா சென்டரில் வரிசையாக நிற்கும் சர்வர்களுக்குத் திரையும் கிடையாது, பார்க்க ஆளும் கிடையாது.

2001 செப்டம்பரில் கெர்னல் நிரலாளர் இங்கோ மோல்னார் இதற்கு ஒரு வழி செய்தார். கெர்னல் அச்சிடும் வரிகளை யுடிபி பாக்கெட்டுகளாக இன்னொரு கணினிக்கு அனுப்பிவிடும் நெட்கன்சோல்தான் அது. தனியாக எதுவும் சொல்லாவிட்டால் 6665ஆம் போர்ட்டிலிருந்து கிளம்பி 6666ஆம் போர்ட்டுக்குப் போகும். வழக்கமான நெட்வொர்க் பாதையை நம்பாமல், நெட்வொர்க் கார்டின் வாசலுக்கே நேராகப் போய் பாக்கெட்டைக் கொடுத்துவிடும். எதிர்முனையின் மேக் முகவரியை விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூட நிற்காது. அதை முன்பே சொல்லி வைக்கலாம்; சொல்லாவிட்டால் எல்லாருக்கும் பொதுவான முகவரிக்கு அனுப்பிவிடும்.

இப்படிப்பட்ட வசதி வேலை செய்கிறதா என்று விபத்து நேரத்தில் பார்த்துக்கொள்ள முடியாது. அது ஊமையாகியிருந்தாலும் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. நல்ல நிலையில் இருக்கும்போதே தட்டிப் பார்க்க வேண்டும். ஆனாலும் இதற்கான தானியங்கிச் சோதனை கெர்னலின் மூல நிரலோடு சேர்ந்தது 2024இல்தான். அது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்.

அது செய்வது இதுதான்: நெட்டெவ்சிம் என்ற போலி நெட்வொர்க் கார்டுகள் இரண்டை உருவாக்கி, ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றை மட்டும் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் தள்ளிவிடும். ஒரே கணினிக்குள் இரண்டு கணினிகள் தயார். ஐபி முகவரிகள் 192.0.2 என்று தொடங்கும் வரிசையிலிருந்து எடுத்தவை. விளக்க உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரிகள் என்பதால் உண்மையான எந்தச் சர்வரோடும் மோதாது. பிறகு நெட்கன்சோலுக்கு ஒரு டைரக்டரி உருவாக்கி, சேருமிட ஐபியையும் மேக்கையும் கோப்புகளில் எழுதி, இயக்கிவிட வேண்டும். கடைசியாகக் கெர்னலின் லாக்கில் ஒரு வரி எழுதி, அது மறுமுனைக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

பத்து வரியில் முடிந்துவிடும் போலத் தோன்றும். ஆனால் வரி வந்து சேராவிட்டால் அது யார் குற்றம்? இந்த ஸ்கிரிப்டின் உழைப்பில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்கே போகிறது.

முதல் சந்தேகம் கேட்பவர் மீது. மறுமுனையில் சோகாட் என்ற கருவி 6666ஆம் போர்ட்டில் காத்திருக்க வேண்டும். அதைப் பின்னணியில் கிளப்பிவிட்டு உடனே செய்தியை அனுப்பினால், அது போர்ட்டைத் திறக்கும் முன்பே பாக்கெட் போய்விடலாம். யுடிபி திரும்ப அனுப்பாது, போனது போனதுதான். ‘இரண்டு வினாடி தூங்கு’ என்று எழுதுவது சுலபம். வேகமான கணினியில் அது வீண். திணறும் கணினியில் போதாது. அதனால் ஸ்கிரிப்ட் கெர்னலின் யுடிபி பட்டியலைத் திறந்து போர்ட் எண்ணைத் தேடுகிறது. அங்கே எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும். 6666 என்பது 1ஏ0ஏ. கண்ணில் படாவிட்டால் 0.1 வினாடி பொறுத்து மறுபடி பார்க்கும். சோதனை எழுதுகிறவர்கள் முதலில் பழக வேண்டியது இந்தப் பொறுமையைத்தான். நேரத்துக்காகக் காத்திருப்பது வேறு, நிலைமைக்காகக் காத்திருப்பது வேறு.

இரண்டாவது சந்தேகம் நுட்பமானது. கெர்னல் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை அவசர நிலை உண்டு. எண் குறைந்தால் அவசரம் கூடுதல். கன்சோலுக்கென்று வைத்த வரம்பைவிடக் குறைந்த எண் உள்ளவை மட்டுமே வெளியே போகும். கணினியை ‘அமைதி’ விருப்பத்தோடு துவக்கினால் வரம்பு 4. நிலை குறிப்பிடாமல் எழுதும் வரிக்கும் பெரும்பாலும் 4தான். வரி வடிகட்டப்பட்டுவிடும், நெட்கன்சோலில் எந்தப் பழுதும் இல்லாமலே சோதனை தோற்கும். அதனால் ஸ்கிரிப்ட் பழைய அளவைக் குறித்துக்கொண்டு வரம்பை 6 ஆகவும், செய்தியின் நிலையை 5 ஆகவும் மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குகிறது. நடுவில் எங்கே தடுக்கி விழுந்தாலும் பழைய அளவு திரும்ப வேண்டும், போலி கார்டுகளும் நேம்ஸ்பேஸும் அகல வேண்டும். அதற்காகத் துப்புரவு ஃபங்ஷனை ‘ட்ராப்’ கட்டளையால் வெளியேறும் வழியிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த சோதனையும் இதே கெர்னலில்தானே ஓடப்போகிறது!

சோகாட்டே நிறுவப்படாத கணினி என்றால்? அது தோல்வியல்ல, சோதிக்க வழியில்லை என்றே பொருள். வெற்றிக்கு 0, தோல்விக்கு 1, தவிர்த்துவிட்டதற்கு 4 என்பது கெர்னல் சோதனைகளின் வழக்கம். இந்த 4ஐ மதிக்காத ஸ்கிரிப்ட் ஊரெல்லாம் பொய் அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருக்கும்.

ஒரு வரி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. ஒரு பாக்கெட்டில் நெட்கன்சோல் ஏற்றுவது 1000 பைட் வரைதான். விரிவான வடிவத்தில் அதைவிட நீளமான செய்தி துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் எத்தனையாவது பைட்டிலிருந்து, மொத்தம் எத்தனை பைட் என்ற குறிப்பு இருக்கும். பின்னர் வந்த இன்னொரு ஸ்கிரிப்ட் வேண்டுமென்றே நீண்ட மதிப்புகளைச் செய்தியோடு ஒட்டி அனுப்புகிறது. வந்த துண்டுகளின் தலைப்பை நீக்கி, வரிசையாக ஒட்டி, அனுப்பியது எழுத்துப் பிசகாமல் வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது.

(தொடரும்)