பழைய பாட்டில் புதிய ஓசை எங்கிருந்து வந்தது?

மாணவர்களே, அப்பாவோ தாத்தாவோ விரும்பிக் கேட்ட ராக் ஆல்பத்தைக் கைப்பேசியில் தேடினால், பெயருக்குப் பக்கத்தில் ‘ரீமாஸ்டர் 2009’ என்பதுபோல ஒரு குறிப்பு இருக்கும். பீட்டில்ஸ் குழு 1969-இல் வெளியிட்ட ‘அபே ரோட்’ அப்படிப்பட்டது. எங்கள் வீட்டில் கேசட்டாக இருந்த அந்த ஆல்பத்தை ரீமாஸ்டரில் கேட்டால், பாஸ் கித்தாரின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கிறது. 1969-இல் வாசிக்காத எதையும் 2009-இல் யாரும் சேர்க்கவில்லை. பிறகு எப்படி?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும். ஒலிப்பதிவுக் கூடத்தின் மூல நாடா பொதுவாக 38.1 செ.மீ. ஓடும். அதாவது, 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை மூல நாடாவில் 38 மைக்ரோமீட்டர் நீளத்துக்குப் பதிகிறது. கேசட்டில் 5 மைக்ரோமீட்டர்கூட இல்லை. எட்டில் ஒரு பங்கு இடத்தில் எழுதினால் எழுத்து மங்காதா? போதாததற்கு, கேசட் என்பது நகலின் நகல். ஒவ்வொரு நகலிலும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கூடும். நாங்கள் கேட்டு வளர்ந்தது அந்த ஆல்பத்தின் நிழலைத்தான்.

ரீமாஸ்டர் செய்பவர்கள் மூல நாடாவுக்கே திரும்பிப் போகிறார்கள். பீட்டில்ஸ் ஆல்பங்களுக்காக லண்டன் அபே ரோட் கூடத்துப் பொறியாளர்கள் நான்கு ஆண்டுகள் உழைத்தார்கள். ஒலியை 24 பிட்டில், அதாவது 1 கோடியே 67 லட்சம் படிகளில் அளந்து கணினியில் ஏற்றினார்கள். மொத்தம் 525 நிமிட இசையில், இரைச்சல் நீக்கும் கருவியைப் பயன்படுத்தியது 5 நிமிடத்துக்கும் குறைவு. எனக்கு மிகவும் பிடித்தது இந்த அடக்கம்தான்.

மூல நாடா கெடாமல் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். நாடாவில் இரும்பு ஆக்சைடு துகள்களை ஒட்டிவைத்திருப்பது ஒரு பசை. 1970, 80களில் வந்த பல நாடாக்களின் பசை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓடவிட்டால் துகள் உரிந்து வரும். நிபுணர்கள் அத்தகைய நாடாவை ஏறத்தாழ 50 டிகிரி செல்சியசில் பல மணி நேரம் சூடாக்கி, ஈரம் திரும்புவதற்குள் நகல் எடுத்துவிடுவார்கள். (வீட்டுக் கேசட்டை அடுப்பில் வைத்துவிடாதீர்கள்! அதற்கு வரும் நோய் பெரும்பாலும் பூஞ்சணம்.) பினாங்கின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ‘அலிகேட்ஸ்’ குழு புகழ்பெற்றதும் இந்த நாடாக் காலத்தில்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது வெறும் பாடநூல் வேதியியல் அன்று.

ஆனால், ‘ரீமாஸ்டர்’ என்று போட்டதெல்லாம் நல்லதும் இல்லை. சிலர் மெல்லிய ஒலியை உயர்த்தி, உரத்த ஒலியின் உச்சியை வெட்டி, எல்லாவற்றையும் ஒரே சத்தமாக்கிவிடுகிறார்கள். மெட்டாலிக்கா குழுவின் ‘டெத் மேக்னெட்டிக்’ 2008-இல் புதிதாக வந்தபோதே இப்படித்தான் இருந்தது. மாற்றித் தரும்படி ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கையெழுத்திட்டுக் கேட்டார்கள்.

சத்தம் கூடினால் தாழ்ந்த சுருதியும் மிக உயர்ந்த சுருதியும் காதுக்கு இன்னும் நன்றாக எட்டும். அதையே ‘தெளிவு’ என்று நினைத்துவிடுவோம். ஆகவே பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது, சத்தம் அதிகமுள்ளதைக் குறைத்து இரண்டையும் சமமாக்குங்கள். எது எது என்று சொல்லாமல் நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பத்துத் தடவையில் எத்தனை தடவை ரீமாஸ்டரைச் சரியாகச் சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.