பெட்ரோலே இல்லாத காரில் நெடி எங்கிருந்து வருகிறது, தெரியுமா?

சைலன்சர் கிடையாது, புகை கிடையாது, பெட்ரோல் டேங்கும் கிடையாது. ஆனாலும் மின்சாரக் காரின் கதவைத் திறந்ததும் சில நாள் குப்பென்று ஒரு நெடி மூக்கில் ஏறும்! உடனே 'பேட்டரி போச்சு!' என்று அலறாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி ஏசிதான். டேஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்க் கம்பிச்சுருளில் ஈரம் தங்கும், அதில் நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்தும். ஏசி போட்ட முதல் நிமிடம் மட்டும் வினிகர் வாடையோ காயாத துணி வாடையோ அடித்து அடங்கினால் இதுதான் விஷயம். வீடு வந்து சேரும் முன் ஏசியை அணைத்துவிட்டு, விசிறியை மட்டும் சில நிமிடம் ஓடவிடுங்கள்.

மின்சாரக் காருக்கும் ரேடியேட்டர் உண்டு, தெரியுமா? பல கார்களில் பேட்டரியையும் மோட்டாரையும் குளிர வைக்க உள்ளே கூலன்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது கசிந்து சூடானால் தித்திப்பான வாடை வரும். ஹீட்டர் பக்கம் கசிந்தால் முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போல மங்கும், துடைத்தாலும் திரும்ப வரும். கூலன்ட் கசிவைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 2011 மே மாதம் அமெரிக்காவில் செவ்ரலே வோல்ட் என்ற காரை (பேட்டரியோடு பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்) பக்கவாட்டில் கம்பத்தில் மோதவிட்டு அரசு சோதித்தது. சோதனை நல்லபடியாக முடிந்தது, காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று வாரம் கழித்து, யாரும் தொடாமல், நின்ற இடத்திலேயே தீப்பிடித்தது! பக்கத்தில் நின்ற வண்டிகளும் எரிந்தன. மோதலில் அடிபட்ட பேட்டரிப் பெட்டிக்குள் கூலன்ட் கசிந்து, மின்சுற்றில் படிந்து காய்ந்து, ஷார்ட் சர்க்யூட் ஆகியிருந்தது. அதன் பிறகுதான் பேட்டரியைச் சுற்றிய சட்டத்தைப் பலப்படுத்தி, கூலன்ட் அளவைக் கண்காணிக்க சென்சாரும் வைத்தார்கள்.

அழுகிய முட்டை நாற்றமா? நூற்றுக்கணக்கான வோல்ட் பேட்டரியைச் சுமக்கும் காருக்குள் 12 வோல்ட் குட்டி பேட்டரி ஒன்றும் இருக்கிறது. அது செத்தால் கார் கண்ணே திறக்காது! பல கார்களில் அது இன்னமும் பழைய ஈய-அமில பேட்டரிதான். அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். இந்த வாயுவின் குணம் விசித்திரமானது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் 100 பங்கு ஆனால் சில நிமிடத்தில் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்கில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே வாருங்கள்.

சார்ஜ் போடும்போது மீன் வாடை வந்தால்? பக்கத்து வீட்டு வஞ்சிரம் குழம்பின் மேல் பழி போடுவதற்கு முன் பிளக்கைப் பாருங்கள்! மின்சாதனங்களில் பயன்படும் சில பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடானால் மீன் கவிச்சி அடிக்கும். வீட்டுச் சுவரில் இருக்கும் தளர்ந்த பவர் பிளக்தான் பெரும்பாலும் காரணம், கார் அல்ல. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இனி, உண்மையிலேயே பயப்பட வேண்டிய வாடை. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் கரிமக் கார்பனேட்டுகளால் ஆனது. அது வெளியேறினால் நெயில் பாலிஷ் ரிமூவர் போல, லேசான இனிப்போடு கரைப்பான் நெடி அடிக்கும். அதில் கரைந்திருக்கும் ஃபுளூரின் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்ற நச்சு வாயு! நெடியோடு உஸ் என்ற சத்தம், படபடவென்று வெடிப்பு, வெண்புகை இவற்றில் எது வந்தாலும் ஆராய்ச்சி வேண்டாம். இறங்குங்கள், எல்லாரையும் இறக்குங்கள், தள்ளிப் போய் நின்று தீயணைப்புக்குப் போன் செய்யுங்கள். பேட்டரி தறிகெட்டுச் சூடாகத் தொடங்கினால், பயணிகளுக்கு ஆபத்து வரும் முன் குறைந்தது 5 நிமிடம் எச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்று சீனா 2020-இல் விதியே போட்டது.

புதுக் கார் வாசனையும் ரசாயன நெடிதான். பசை, ஃபோம், பிளாஸ்டிக் எல்லாம் விடும் மூச்சு அது. ஜெர்மனியில் ஆடி நிறுவனம் 1985 முதல் மோப்பம் பிடிக்கவே ஒரு குழு வைத்திருக்கிறது! காரின் உள்பாகங்களைக் கண்ணாடிச் சாடியில் போட்டு, 80 டிகிரி வரை சூடாக்கி, முகர்ந்து மதிப்பெண் தருவார்கள். 1 என்றால் வாடையே இல்லை, 6 என்றால் தாங்கவே முடியாது.

ஆனால் மூக்கு மட்டும் போதாது. 2005-இல் நியூயார்க் நகரத்தை மேப்பிள் பாகு வாடை சூழ்ந்தது, ரசாயனத் தாக்குதலோ என்று மக்கள் நடுங்கினார்கள். வந்து வந்து போன அந்த வாடைக்கு 2009-இல்தான் விடை கிடைத்தது. புகார் வந்த இடம், நேரம், அப்போது காற்று வீசிய திசை மூன்றையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனார்கள். கோடுகள் ஆற்றுக்கு அக்கரையில், நியூஜெர்சியின் ஒரு வாசனைப்பொருள் ஆலையில் போய் நின்றன. அங்கே பக்குவமாகிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? நம்ம வெந்தயம்!

காருக்கும் அதே துப்பறிதல்தான். ஏசியின் மறுசுழற்சிப் பொத்தானை அழுத்துங்கள். வாடை குறைந்தால் வெளியிலிருந்தோ பானட்டிலிருந்தோ வருகிறது, கூடினால் உள்ளேயே இருக்கிறது. சார்ஜ் போடும்போதா, மேடு ஏறும்போதா, மழைக்குப் பிறகா என்று எழுதி வையுங்கள். சர்வீஸ் சென்டரில் 'ஒரு மாதிரி வாடை சார்' என்றால் கேபின் ஃபில்டரை மாற்றி அனுப்பிவிடுவார்கள். 'வேக சார்ஜரில் போட்டு பத்து நிமிடத்தில், முன் வலது சக்கரத்துப் பக்கம்' என்றால் பானட் திறக்கும்.