இமைப்பொழுதின் கணக்கு

அலங்காநல்லூர் வாடிவாசலை ஒட்டி, தென்னைநார் பரப்பிய தரையில் காலை ஊன்றி நிற்கும் மாடுபிடி வீரனுக்கு, உள்ளே மூக்கணாங்கயிறு அறுபட்டுத் திமிறிக்கொண்டிருக்கும் காளை எந்த க்ஷணத்தில் வெளியே பாயும் என்பது தெரியாது. ஒலிபெருக்கி காளையின் ஊரையும் மாட்டுக்காரர் பெயரையும் முழங்கி ஓய்கிறது; கூட்டத்தின் இரைச்சல் ஒரு கணம் தாழ்கிறது; அவ்வளவுதான், திமில் ஒன்று அவன் மார்போடு மோதி ஒட்டிக்கொள்கிறது, அல்லது கைக்கு எட்டாமல் கடந்து போய்விடுகிறது. ‘கண்டான், பாய்ந்தான்’ என்று பார்த்தவர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கண்டதற்கும் பாய்ந்ததற்கும் நடுவே, பேச்சில் காற்புள்ளி அளவுகூட இடம்பெறாத ஓர் இடைவெளி இருக்கிறது என்பதும், அந்த இடைவெளியை அளந்து கணக்கெழுதிவிட முடியும் என்பதும், காளையைக் கண்ணில் காட்டினால் ஒரு கணக்கும் காதில் ஒலித்தால் வேறொரு கணக்குமாக அது மாறுகிறது என்பதும் சற்று ஆச்சரியமான விஷயங்களே.

நம்முடைய பழைய இலக்கணக்காரர் காலத்தை அளக்க எடுத்துக்கொண்ட கோல், மனித தேகத்திலேயே இருந்தது. எழுத்தின் மாத்திரைக்குத் தொல்காப்பியம் சொல்லும் அளவு, கண் இமைப்பதும் கைவிரல் நொடிப்பதும். நாம் இங்கே பேசும் இடைவெளியும் ஏறக்குறைய அந்த இமைப்பொழுது அளவினதே. விநாடியை ஆயிரம் கூறாக்கினால், ஒரு விளக்கு எரிந்ததைக் கண்டு விரலால் விசையை அழுத்துவதற்கு, ஆரோக்கியமுள்ள வாலிபர் ஒருவருக்குப் பொதுவாக 180 முதல் 200 கூறுகள் வரை செல்கின்றன. விளக்குக்குப் பதிலாக ஒரு மணி ஒலித்தால் அதே விரல் 140 முதல் 160 கூறுகளுக்குள் அழுத்திவிடுகிறது. தோலை மெல்லத் தொட்டு உணர்த்தினால், அது பெரும்பாலும் இவ்விரண்டிற்கும் நடுவே, செவிக்குச் சற்று அருகில் நிற்கிறது. ஒளியைவிட வேகமானது உலகில் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த நமக்கு, பந்தயத்தில் காது கண்ணை முந்துகிறது என்பது முதலில் நம்பத் தகாததாகவே தோன்றும்.

காரணம் ஒளியில் இல்லை. ஒளி வந்து இறங்கும் கூடத்தில் இருக்கிறது. ஒளி விழித்திரையை அடைந்தவுடன் அங்கே ஒரு ரசாயன மாறுதல் தொடங்கி, படிப்படியாக வளர்ந்து, நரம்புக்குப் புரியும் மின் சமிக்ஞையாக உருமாற வேண்டியிருக்கிறது. அந்தச் செய்தி மூளையை எட்டுவதற்குள் 20 முதல் 40 கூறுகள் கழிந்துவிடுகின்றன. சப்தமோ செவிப்பறையை அதிரவைத்து, உட்செவியின் நுண்மயிர்களை நேராக அசைத்து, அந்த அசைவையே சமிக்ஞையாக மாற்றிவிடுவதால், 8 முதல் 10 கூறுகளில் மூளையின் வாசலில் நிற்கிறது. ஒருவர் கடிதத்தை மொழிபெயர்த்து அனுப்புகிறார். மற்றவர் கதவையே தட்டிவிடுகிறார்.

ஆனாலும் காதின் வெற்றி பக்கத்தில் நடக்கும் காரியங்களுக்கு மட்டுமே உரியது. நம்மூர் வெயிலில் சப்தம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் ஓடுகிறது. வைகையில் தண்ணீர் ஓடும் நாளில், 1889இல் திறக்கப்பட்ட ஏ.வி. பாலத்தின் மேல் நின்று, 175 மீட்டருக்கு அப்பால் கல்லில் துணி அடிப்பவரைப் பார்த்தால், துணி கல்லில் விழுந்து அரை விநாடி சென்ற பிறகே ‘பட்’டென்ற ஓசை நம்மை வந்தடையும். பத்துப் பதினைந்து மீட்டருக்குள் காது முந்தும். அதற்கு அப்பால் கண் முந்தும். வாடிவாசலின் பக்கத்தில் நிற்பவனுக்குக் காதும், மேடையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணும் முதலில் செய்தி சொல்லுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பரிசத்திலும் பல தரங்கள் உண்டு. சோளக்காட்டு வரப்பில் வெறுங்காலோடு நடந்து கருவேல முள்ளை மிதித்தவர்கள், வேதனை இருமுறை வந்ததை நினைவுகூர்வார்கள்: முதலில் ‘சுருக்’கென்று ஒரு குத்தல், காலைத் தூக்கி ஒற்றைக்காலில் நின்ற பிறகு, சாவகாசமாக ஏறிவரும் எரிச்சல். குத்தலைச் சுமக்கும் நரம்பிழைகள் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை விரைபவை. எரிச்சலைச் சுமப்பவை விநாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர்தான் நகர்பவை. பாதத்திலிருந்து மூளை வரை ஒன்றரை மீட்டர் என்றால், பின்னது ஒரு விநாடிக்கு மேல் தாமதித்து வருவதில் வியப்பில்லை. நல்லவேளையாக, சூடான தோசைக்கல்லில் பட்ட கையை இழுத்துக்கொள்ள மூளையின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. தண்டுவடமே அதைத் தீர்மானித்துவிடுகிறது.

இந்த இடைவெளி முதன்முதலில் சந்தேகத்துக்கு உள்ளான கதை வேடிக்கையும் பரிதாபமும் கலந்தது. கிரீன்விச் வானாராய்ச்சி நிலையத்தில், நட்சத்திரம் தொலைநோக்கியின் இழையைக் கடக்கும் தருணத்தைக் கண்ணால் பார்த்தபடியே, கடிகாரத்தின் துடிப்பைக் காதால் எண்ணிக் குறிப்பது அந்நாளைய வழக்கம். கின்னப்ரூக் என்ற உதவியாளர் தம்மைவிட விநாடியின் பத்தில் எட்டுப் பங்கு பிந்திக் குறிக்கிறார் என்று கண்ட தலைமை வானியலாளர் மாஸ்கலைன், 1796இல் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து ஜெர்மானிய அறிஞர் பெஸ்ஸல், இது அஜாக்கிரதை அல்ல, ஒவ்வொரு மனிதருக்கும் இப்படி ஒரு சொந்த வித்தியாசம் உண்டு என்று எடுத்துக்காட்டினார். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாராய்ச்சி நிலையமும், அதன் வாரிசாக மதுரைச் சமவெளிக்கு மேலே கொடைக்கானல் மலையில் 1899இல் நிறுவப்பட்ட நிலையமும், மனிதக் கண்ணைக் கருவியாகக் கொண்ட அதே சாஸ்திரத்தின் பிள்ளைகளே. நரம்பின் வேகத்தை 1850இல் தவளைக் காலில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அளந்தார். 1868இல் டச்சு அறிஞர் டாண்டர்ஸ், ஒரே சைகைக்கு ஒரே பதில் தருவதைவிட, பல சைகைகளில் ஒன்றைத் தேர்ந்து பதில் தருவதற்கு அதிக நேரம் பிடிக்கிறது என்று நிரூபித்து, மனம் யோசிக்கும் நேரத்தையே தனியாகப் பிரித்தெடுக்க முயன்றார்.

டாண்டர்ஸ் காட்டிய இந்த வழியில்தான் விஷயத்தின் சாரம் இருக்கிறது. சைகை பலமாக இருந்தால் பதில் விரைவாகிறது. மங்கலாக இருந்தால் தாமதிக்கிறது. ஒளியும் ஒலியும் சேர்ந்து வந்தால், தனித்து வருவதைவிடச் சீக்கிரம் கை அசைகிறது. சைகைக்குச் சற்று முன்னால் ஓர் எச்சரிக்கை கிடைத்தால் இன்னும் நல்லது. தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகளோ நேரத்தைக் கூட்டுகின்றன: வழிகள் இரண்டிலிருந்து நான்காகவும், நான்கிலிருந்து எட்டாகவும் இரட்டிக்கும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் கூடுகிறது என்று ஹிக் என்ற ஆங்கிலேயர் 1952இல் கணக்கிட்டார்.

இப்போது மறுபடியும் வாடிவாசலுக்கு வருவோம். ஒரு பேச்சுக்குக் காளை விநாடிக்கு 5 மீட்டர் பாய்கிறது என்று கொண்டால், கண்டபிறகு அசைகிற மனிதனுக்கும் அதற்கும் இடையே ஒரு மீட்டர் கைநழுவிப் போய்விடுகிறது. திமிலைத் தவறவிட அதுவே தாராளம். தேர்ந்த வீரனுடைய நரம்பு மற்றவருடையதைவிடப் பன்மடங்கு வேகமானது அல்ல. ஒலிபெருக்கியில் ஊர்ப்பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே, இது நேரே ஓடிவிடும் மாடா, வாசலில் நின்று விளையாடும் மாடா, எந்தப் பக்கம் கொம்பை வீசும் என்பதையெல்லாம் அவன் மனம் வரிசைப்படுத்திக்கொள்கிறது. எட்டு வழிகள் இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன. மற்றவர்கள் காளையைக் கண்டபின் யோசிப்பதை, அவன் காணுமுன் யோசித்து முடித்திருக்கிறான். வித்தை அங்கேதான் இருக்கிறது.

ஓட்டப்பந்தயக்காரருக்கு இந்தச் சலுகை மறுக்கப்பட்டிருக்கிறது. துப்பாக்கி ஒலித்து விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் கால் அசைந்தால், அது ஒலிக்குக் கிடைத்த பதிலாக இருக்க முடியாது, ஊகமே என்று கொண்டு, தவறான புறப்பாடு என்று தீர்ப்பளித்துவிடுகிறார்கள். 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய உசேன் போல்ட் புறப்பட எடுத்துக்கொண்ட நேரம் 0.146 விநாடி. எட்டு ஓடுபாதைகளைக் கடந்து கடைசிப் பாதைக்கு வெடிச்சத்தம் போய்ச் சேர்வதற்குள்ளேயே விநாடியின் நூற்றில் இரண்டு பங்கு கழிந்துவிடும் என்பதால், இப்போது ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் தனி ஒலிபெருக்கி வைக்கிறார்கள். நூற்றில் ஒரு பங்கின் அருமையை, 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் அதே அளவில் வெண்கலத்தை இழந்த பி.டி. உஷாவிடம் கேட்க வேண்டும். மதுரைக்குப் பக்கத்துச் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி, 2021இல் டோக்கியோவில் ஓடிய தொடர் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள்: புறப்பாடு காதுக்கு, ஓடிவரும் தோழர் கண்ணுக்கு, கைக்குள் வந்து விழும் கட்டை தோலுக்கு என்று மூன்று இந்திரியங்களின் பந்தயம் அது.

சாலையில் நாம் எல்லோருமே இந்தப் பந்தயத்தில் இருக்கிறோம். எந்தத் திசையிலிருந்து என்ன வரும் என்று தெரியாத இடத்தில், காண்பது, அறிவது, தீர்மானிப்பது, பிரேக்கை மிதிப்பது எல்லாம் சேர்த்து 2.5 விநாடி வேண்டும் என்று வைத்தே இந்தியச் சாலைப் பொறியாளர்கள் பார்வைத் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 42 மீட்டர். அதுவரை வண்டி சிறிதும் வேகம் குறைவதில்லை. தூக்கக் கலக்கமும், மதுவும், கையிலுள்ள தொலைபேசியும் அந்தத் தூரத்தை நீட்டுகின்றன.

சென்ற வாரம் என் அக்காள் மகனோடு திண்ணையில் உட்கார்ந்து இதைச் சோதித்துப் பார்த்தேன். ஒருவர் அடிக்கோலை மேலே பிடித்து விட்டுவிட, மற்றவர் கீழே விரல்களை விரித்துப் பிடிக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் நழுவியது என்பதே கணக்கு. பையன் 15இல் பிடித்தான், அதாவது 0.175 விநாடி. எனக்கு 22 ஆயிற்று; 0.21 விநாடி. ஏழு சென்டிமீட்டர்தானே என்று முதலில் சமாதானம் செய்துகொண்டேன். பிறகு, மேலூர்ச் சாலையில் 60இல் போகும்போது அந்த வித்தியாசம் இரண்டடியாகிவிடும் என்று அவனே காகிதத்தில் போட்டுக் காட்டினான். அன்றிலிருந்து, அவனுக்கு விரலில் இருக்கும் வேகத்துக்கு ஈடாக, முன்னால் போகும் பேருந்துக்கும் என் வண்டிக்கும் நடுவில் கொஞ்சம் கூடுதலான சாலையை விட்டுவைத்துக்கொண்டு போகிறேன்.