கடைசியாக இழுத்தது எப்போது?

கப்பல் கம்பெனி மெடிக்கல், வளைகுடா வேலை, விமானப் பணி. மகனுக்கு இப்படி ஒன்று கூடி வரும்போதுதான் மும்பையின் கிங்ஸ் சர்க்கிள், சயான், செம்பூர் தமிழ் வீடுகள் சிலவற்றில் பெற்றவர்களுக்கு விஷயமே தெரிய வருகிறது. “நிறுத்திட்டேம்மா, ஆனா டெஸ்ட்ல வந்துடுமோன்னு பயமா இருக்கு” என்று பையன் மெதுவாக ஆரம்பிப்பான். கஞ்சாவை விட்டு எத்தனை நாளில் உடம்பு சுத்தமாகும்? இதற்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

குடித்த சாராயம் பெரும்பாலும் ஒரு நாளில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. கொழுப்பில் கரைவது. போதை சில மணி நேரத்தில் இறங்கினாலும், கொழுப்பில் தங்கியது கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பும். கல்லீரல் அதை உருமாற்றி வெளியேற்றும் கழிவைத்தான் சிறுநீர்ச் சோதனை தேடுகிறது. எப்போதோ ஒரு தடவை இழுத்தவருக்கு அது சுமார் 3 நாள் தெரியும். வாரத்தில் நாலு தடவை என்றால் 5 முதல் 7 நாள், தினமும் என்றால் 10 முதல் 15 நாள். ஒரு நாளில் பல தடவை என்று நெடுங்காலம் இழுத்தவருக்கு ஒரு மாதத்தையும் தாண்டும். 1985-ல் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து பத்து நாள் நெகட்டிவ் என்ற நிலைக்கு வர ஒருவருக்கு 77 நாள் பிடித்தது. எச்சிலில் ஓரிரு நாள். தலைமுடியில் மூன்று மாதம் வரை.

இன்று நெகட்டிவ், நாளை பாசிட்டிவ் என்று மாறி மாறி வருவதும் உண்டு. மறுபடி இழுத்தான் என்று உடனே பையன் மேல் பாயாதீர்கள். குடித்த தண்ணீரைப் பொறுத்துச் சிறுநீரின் அடர்த்தி மாறும், அளவும் கூடிக் குறையும்.

மருந்துக் கடையில் வாங்கும் ஸ்ட்ரிப்பை வீட்டிலேயே போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கர்ப்பச் சோதனையும் கோவிட் கிட்டும் பழக்கிவிட்டதால், இரண்டு கோடு விழுந்ததும் பல பேர் கலங்கிப் போகிறார்கள். இதில் கணக்கு தலைகீழ். இரண்டு கோடு என்றால் நெகட்டிவ். இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் நெகட்டிவ்தான். ‘சி’ என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு நின்றால்தான் பாசிட்டிவ். கிட்டோடு வரும் காகிதத்தைப் படிக்காமல் நடந்த வீட்டுச் சண்டைகளுக்குக் கணக்கே இருக்காது.

அந்தப் பாசிட்டிவும் முடிவான தீர்ப்பு ஆகாது. அசிடிட்டிக்காகப் பாதி ஊர் விழுங்கும் பேன்டோபிரசோல் மாத்திரையே இந்த முதல்கட்டச் சோதனையில் தப்பான பாசிட்டிவ் காட்டக்கூடும். எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸுக்கும் இதே குணம் உண்டு. சாப்பிடும் மருந்துகளை எல்லாம் மாதிரி கொடுக்கும் முன்பே எழுதிக் கொடுங்கள். பாசிட்டிவ் வந்தால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் உறுதிப்படுத்தும் சோதனையை எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எலுமிச்சை, வினிகர், ‘டீடாக்ஸ்’ பாட்டில், குடம் குடமாகத் தண்ணீர்: எதுவும் உதவாது. நீர்த்துப்போன மாதிரியை லேப் கிரியாட்டினின் அளவை வைத்தே கண்டுபிடித்துவிடும். டெஸ்ட்டை ஏமாற்ற நியாசின் மாத்திரையை அள்ளி விழுங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

ஹோலி பாங் விஷயத்தில் ஏமாறுபவர்களும் நிறைய. 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது பூக்கும், காய்க்கும் நுனிகள்; பாங் செய்யும் தனி இலை அதில் வராது. ஆனால் மகாராஷ்டிரத்தின் மதுவிலக்குச் சட்டம் பாங்கைக் கட்டுப்படுத்துகிறது. சோதனைக்கோ இலையும் ஒன்று, பூவும் ஒன்று.

இனி போலீஸ் பக்கம். கஞ்சா உட்கொண்டதற்குப் போதைப்பொருள் சட்டத்தின் 27-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’. அதை வைத்திருந்தால் சிறை ஓராண்டு வரை போகலாம். சிறுநீரில் தெரிவது ‘எப்போதோ உள்ளே போயிருக்கிறது’ என்பது மட்டும். இப்போது போதையில் இருக்கிறார் என்றோ, கையில் சரக்கு வைத்திருந்தார் என்றோ அது சொல்லாது. 2021 அக்டோபரில் மும்பை சொகுசுக் கப்பல் வழக்கில் கைதான, இந்தி நடிகரின் மகன் ஆர்யன் கானுக்கு ஜாமீன் கொடுத்தபோது, அந்த நேரத்தில் போதைப்பொருள் உட்கொண்டிருந்தாரா என்று அறிய மருத்துவப் பரிசோதனையே செய்யவில்லை என்பதை பம்பாய் உயர் நீதிமன்றம் குறிப்பிட்டது. அவரிடம் பொருள் எதுவும் கிடைக்கவில்லை. 2022 மே மாதக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரும் இல்லை. ஆனால் அதற்குள் மூன்று வாரத்துக்கு மேல் காவலில் இருந்துவிட்டார். பெரிய வக்கீல்கள் இருந்தும் அப்படி. தாராவிப் பையனுக்கு யார் வருவார்கள்?

ஆகவே இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். உடம்பைச் சோதனை போடும் முன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை 50-வது பிரிவில் இருக்கிறது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். போதைப்பொருள் அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக வைத்துத் தண்டிக்க முடியாது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபர் 29-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வெளிநாட்டில் இந்தப் பாதுகாப்புகளை எதிர்பார்க்காதீர்கள். சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ வேறு நாட்டில் இழுத்துவிட்டு வந்தாலும் சிங்கப்பூரில் குற்றம்தான்.

நம் போதைப்பொருள் சட்டத்தில் பலருக்குத் தெரியாதது 64ஏ பிரிவு. பழக்கத்துக்கு அடிமையானவர், உட்கொண்ட வழக்கிலோ சிறிய அளவு வழக்கிலோ சிக்கியிருந்தாலும், அரசோ உள்ளாட்சியோ நடத்தும் அல்லது அங்கீகரித்த ஆஸ்பத்திரியில் தானாகவே சேர்ந்து சிகிச்சையை முடித்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பையும் நோயாகவே பார்க்கிறது. சிகிச்சை விவரத்தை டாக்டர் ரகசியமாக வைக்க வேண்டும்.

நிறுத்திய முதல் வாரம்தான் கஷ்டம். எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, விசித்திரக் கனவுகள். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தூக்கம் சரியாக இன்னும் கொஞ்சம் ஆகலாம். அந்த நாட்களில் பையனைத் திட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சயான் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். மாநகராட்சி ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவுக்குக் கேஸ் பேப்பர் எடுங்கள், அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் போதை மீட்பு இலவச எண் 14446-க்கு இன்றே பேசுங்கள், மெடிக்கல் தேதி வரும் வரை காத்திருக்க வேண்டாம்.