கடைத் தராசின் உள்ளே ஓர் அலுமினியக் கட்டை

சர்க்கரையைக் கிலோ 45 ரூபாய்க்கு விற்றால் கடைக்காரருக்கு 2 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய எடை மெஷின் கிலோவுக்கு 10 கிராம் கூடுதலாக அள்ளிக் கொடுக்க வைத்தால், 43 காசு போய்விடும். யாரும் திருடவில்லை, கடன் வாங்கியவர் ஏமாற்றவும் இல்லை. லாபத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிற்று. 10 கிராம் குறைத்துக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். சிறுசேரி சிப்காட்டைச் சுற்றி நாவலூர், தாழம்பூர், படூர் என்று எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள், கைப்பேசியிலேயே மளிகையை வீட்டு வாசலுக்கு வரவழைக்கக்கூடியவர்கள். எடையில் ஒருமுறை சந்தேகம் தட்டினால் தெருமுனைக் கடையை மறந்துவிடுவார்கள்.

கடை தொடங்குகிறவர்கள் வாடகை, அலமாரி, பெயர்ப்பலகை, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பலமுறை யோசித்துத்தான் செய்கிறார்கள். தராசை மட்டும் வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பிரித்துப் போட்டு விற்கும் சரக்கு அத்தனையும் அதன் மேல் ஏறி இறங்கித்தான் காசாகிறது. ஆகவே அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே பல்சக்கரமோ வில்லோ கிடையாது. துளையிட்ட ஓர் அலுமினியக் கட்டை இருக்கிறது. அதன் ஒரு முனை அடித்தளத்தோடும் மறுமுனை தட்டைத் தாங்கும் சட்டத்தோடும் திருகப்பட்டிருக்கும். லோட்செல் என்பது இதுதான். தட்டில் தக்காளியை வைத்ததும் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. துளைக்கு மேலேயும் கீழேயும் உலோகம் மெல்லியதாக இருப்பதால் வளைவு அங்கேதான் குவியும். அந்த இடங்களில், மயிரிழை போன்ற உலோகக் கோடு முன்னும் பின்னுமாக மடிந்து ஓடும் நான்கு சிறு தகடுகளை ஒட்டியிருப்பார்கள். இழுபடும் தகட்டில் கோடு நீண்டு மெலிவதால் மின்தடை கூடுகிறது. அமுங்கும் தகட்டில் குறைகிறது. இப்படி ஒட்டி அளக்கும் உத்தியை அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் 1938ஆம் ஆண்டு வாக்கில் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். நான்கு தடைகளையும் நாற்கரமாக இணைக்கும் மின்சுற்று அதைவிடப் பழையது. 1833இல் சாமுவேல் கிறிஸ்டி வகுத்தது. பின்னர் எடுத்துப் பரப்பிய வீட்ஸ்டனின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

இந்தச் சுற்றிலிருந்து கிடைக்கும் மின்சாரம் மிக மிகச் சன்னமானது. 5 வோல்ட் கொடுத்து, தாங்கும் முழு எடையையும் ஏற்றினாலும், மறுபக்கம் வருவது சுமார் 10 மில்லிவோல்ட். மளிகைக் கடையின் 30 கிலோ மெஷின் அதை 6,000 பங்காக்கி, ஒரு பங்கை 5 கிராம் என்று படிக்கிறது. ஒரு பங்கு 2 மைக்ரோவோல்ட்கூட வராது.

"மெஷின் ஆடுது" என்று கடைகளில் சொல்வதற்குக் காரணம் இந்தச் சன்னம்தான். தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் தட்டை அமுக்கும். இணைப்பில் ஈரம் ஏறினால் மின்சாரம் கசியும். உள்ளே இருக்கும் 6 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் எண் நிலைகொள்ளாது. முட்டுக்காடு பக்கமிருந்து வரும் உப்புக்காற்று இங்கே வேறு சேர்ந்துகொள்கிறது. மீன் கடையிலும் கீரைக் கடையிலும் தண்ணீர் வடிந்து உள்ளே இறங்காமல் பார்ப்பது, புது மெஷின் வாங்குவதைவிட முக்கியம். அரிசியோ பருப்போ ஒன்றிரண்டு மணி தட்டுக்கடியில் சிக்கினாலும் கட்டை சுதந்திரமாக வளையாது. எடை குறைத்துக் காட்டும். மெஷினின் மூலையில் இருக்கும் ரசமட்டத்தின் குமிழி வட்டத்துக்குள் நிற்கும்படி கால்களைத் திருகி வைப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

பழைய இரட்டைத் தட்டுத் தராசுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. இரட்டைத் தட்டில் கல்லையும் சரக்கையும் பூமி ஒரே மாதிரி இழுப்பதால் ஊர் மாறினாலும் எடை மாறாது. லோட்செல் அளப்பது பூமியின் இழுப்பை மட்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வர வர அந்த இழுப்பு குறையும். டெல்லியில் சரிசெய்த மெஷினை அப்படியே கொண்டுவந்து சிறுசேரியில் வைத்தால், 10 கிலோ சரக்கை ஏறத்தாழ 9 கிராம் குறைத்துக் காட்டும். கடைக்காரரும் அந்த 9 கிராமைச் சேர்த்துப் போட்டுக் கொடுப்பார். எனவே இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று எங்கிருந்தோ வரவழைக்காமல், உள்ளூரில் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கி, இங்கேயே சரிசெய்யச் சொல்வதுதான் நல்லது.

பலர் கவனிக்காத இன்னொன்று, மெஷினின் முகப்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடை. 5 கிராம் படியுள்ள, அதாவது ஐந்தைந்து கிராமாக எண் ஏறும் மெஷினுக்கு அது 100 கிராம். அதற்குக் கீழே சட்டப்படியே அது நம்பத்தக்கதல்ல. 50 கிராம் ஏலக்காயை அதில் நிறுத்தினால், எண்ணை முழுமையாக்குவதிலேயே 2.5 கிராம் இப்படியோ அப்படியோ போகலாம், நூற்றுக்கு 5. ஏலக்காயும் முந்திரியும் விற்கிறவர், 1 கிராம் அல்லது அதற்கும் குறைவான படியுள்ள சிறு தராசு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகும் செலவு விரைவிலேயே திரும்பிவிடும்.

பையோ டப்பாவோ வைத்து நிறுத்தும்போது டேர் பொத்தானை அழுத்தினால் அதன் எடை கழிந்துவிடும். இனிப்புக் கடையில் அட்டைப்பெட்டியையும் சேர்த்து எடை போடுவது இன்னும் நடக்கிறது. அது தவறு, வாங்குகிறவர் காசு கொடுப்பது இனிப்புக்கு.

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வியாபாரத்துக்குப் பயன்படும் மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறையும், எடைக்கல்லுக்கு 24 மாதத்துக்கு ஒருமுறையும் மறுமுத்திரை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை இதைக் கவனிக்கிறது. ஆய்வாளர் கொண்டுவரும் கல் அதற்கு மேலான மாநிலத் தரக்கல்லோடும், அது படிப்படியாக டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கிலோகிராமோடும் ஒப்பிடப்பட்டு வருகிறது. சிறுசேரியில் அரைக்கிலோ வெங்காயம் நிறுத்தும் மெஷினுக்கும் அந்தச் சங்கிலியில் இடம் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது. முத்திரையை உடைத்து உள்ளே கை வைக்க, பழக்கமான எலக்ட்ரீசியனுக்கு அதிகாரம் இல்லை. உரிமம் உள்ள பழுதுபார்ப்பவர்தான் திறக்கலாம். திறந்தபின் மறுபடி முத்திரை வேண்டும்.

முத்திரை ஆண்டுக்கு ஒருமுறை. இடையில் மெஷின் விலகினால் கண்டுபிடிக்கக் கடையிலேயே முத்திரையிட்ட 1 கிலோ, 5 கிலோ எடைக்கல் இருக்கட்டும். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மெஷினைப் போட்டுச் சில நிமிடம் விட்டு, கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால் லோட்செல் அடிபட்டிருக்கலாம். மூட்டையைத் தட்டின் மேல் தொப்பென்று போட்டதன் விளைவாக இருக்கும். இறக்கும் சரக்கையும் இதே மெஷினில் நிறுத்துங்கள். 25 கிலோ மூட்டையில் அரைக்கிலோ குறைந்தால் இறக்கிய இடத்திலேயே சொல்லிவிடலாம். மறுநாள் சொன்னால் எடுபடாது.

காட்சித்திரை வாங்குகிறவர் பக்கமும் தெரிய வேண்டும், சரக்கை வைக்கும் முன் அதில் பூஜ்யம் நிற்க வேண்டும். முத்திரைச் சான்றிதழைக் கடையில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் மாட்ட வேண்டும் என்பதும் விதிதான். உங்கள் கடைச் சான்றிதழ் எந்தத் தேதியோடு முடிகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.